வாய் திறக்கக்கூடாத இரண்டு கிழமை

அந்த மின்னஞ்சல் வந்தபோது ஜனுஷன் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் யாருடையதோ ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். படித்தான். மறுபடியும் படித்தான். கையில் இருந்த சின்ன ஆணி எங்கே போய் விழுந்தது என்று அவனுக்குத் தெரியவே இல்லை. வெளிநாட்டுக் கேம் கம்பெனி ஒன்று அவனை 'அன்புள்ள திரு. ஜனுஷன்' என்று அழைத்திருந்தது. அதுவரை அவனுக்குத் திரு போட்டவர்கள் கிடையாது. அவன் வாழும் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசுக்குப் போனால் இன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் வந்தவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

அப்படி என்ன பெரிய ஆள் இவன் என்றால், பெரிய ஆளெல்லாம் இல்லை. பகலில் போன் திருத்துகிறான். மாலையில் ஹாலிஎலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், யாரோ கழித்துப்போட்ட ஒரு பழைய கம்பியூட்டரில் புதுப்புது கேம்களை விளையாடிப் பார்த்து யூடியூபில் போடுகிறான். சேனலின் பெயர் 'லயத்து ஆட்டம்'. கொழும்பிலும் சென்னையிலும் கேம் விமர்சனம் செய்கிறவர்கள் படம் எவ்வளவு அழகு, இசை எவ்வளவு அருமை என்று அளந்துகொண்டிருப்பார்கள். அவர்களிடம் இருப்பது கப்பல் மாதிரி கம்பியூட்டர், அவர்களுக்கென்ன. ஜனுஷன் கடைசியில் ஒரு கேள்வி கேட்பான்: "நம்ம மெஷின்ல ஓடுமா?" ஓடும் என்றால் ஓடும். ஓடாது என்றால், "ஓடாதுங்க, காச வீணாக்காதீங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அப்புத்தளையிலிருந்து வெலிமடை வரை பையன்கள் அவனைப் பார்த்தார்கள். அவனுக்கு இருந்த சொத்து அவ்வளவுதான்.

கம்பெனி அனுப்பிய கடிதம் இனிப்பாகத்தான் இருந்தது. கேம் வெளிவருவதற்கு இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், முன்பே அவனுக்குக் கொடுப்பார்கள். ஆனால் வெளியாகும் நாள் மாலை வரை நல்லது என்றோ கெட்டது என்றோ யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அதுவரை கம்பெனியே வெட்டித் தரும் காட்சிகளை மட்டும் போட்டு, 'முன்பதிவு செய்யுங்கள்' என்று சொல்லலாம். சொன்னால் நல்லது என்று எழுதாமல் எழுதியிருந்தார்கள். ஜனுஷன் போன் திரையில் விரலாலேயே கையெழுத்துப் போட்டான். அன்று இரவே அந்தக் காட்சிகளைப் போட்டுக் கூவோ கூவென்று கூவினான்.

இந்த முன்பதிவு இருக்கிறதே, அது சோறு வேகுமுன்பே இலையைப் போட்டுக் காசு வாங்குகிற வியாபாரம். முந்திக் கட்டுகிறவனுக்கு கேமுக்குள்ளே ஒரு வாள், ஒரு தொப்பி என்று ஏதாவது கிடைக்கும். நம் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிற வங்கி அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது? கொழும்பில் ஒரு ஆளுடைய கணக்குக்குப் போட்டு, அவன் மூலமாகத்தான் வாங்க வேண்டும். போட்டது போட்டதுதான். திரும்பி வராது.

சொன்னபடி கேம் அவன் கைக்கு முன்கூட்டியே வந்தது. முதல் கட்டம் கண்ணைப் பறித்தது. இரண்டாம் கட்டத்தில் மழை பெய்யத் தொடங்கியது, படம் அப்படியே நின்றுவிட்டது. ஜனுஷன் மறுபடி திறந்தான். எல்லாவற்றையும் குறைத்து வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மழை வந்ததும் செத்துப்போனது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, கம்பெனி தந்த காட்சிகளில் ஒரு இடத்தில்கூட மழை இல்லை. எழுதிக் கேட்டான். திருத்தம் பின்னால் வரும், வாய் திறக்க அனுமதித்த தேதியை மறந்துவிட வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஜனுஷனின் மனைவி நிரோஜா, கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். நாள் பூராவும் சின்னப் பிள்ளைகளின் கள்ளத்தனத்தைப் பார்த்துப் பழகியவளுக்குப் புருஷன் முகத்தைப் படிப்பது பெரிய வேலையா?

"தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா என்னங்க?" என்றாள். "அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தமிழ் தெரியுமா?"

கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான் அவன். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பதுளையில் றம்ஸியா ஒரு கேம் சென்டர் நடத்துகிறாள். துணிக்கடைக்கு மேல்மாடி, ஆறு கம்பியூட்டர், மணிக்கணக்கில் வாடகை. ஜனுஷனுடைய மெஷினைப் போலவே கழிவுச் சாமான்தான் ஆறும். அவனே தேடிப் பிடித்துக் கொடுத்தவை. புருஷன் கட்டார் நாட்டில் வேலையில் இருக்கிறார். ஆம்பிளைப் பிள்ளைகள் கூடுகிற இடத்தில் ஒரு பொம்பளைக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த லீவில் புதுக் கேமை வைத்து ஒரு போட்டி நடத்திக் காட்டினால் அந்த வாய்களை அடைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆறு மெஷினுக்கும் முன்பதிவு செய்யப் போகுமுன் ஜனுஷனைக் கடைக்கே தேடி வந்தாள்.

"தம்பி, நம்மட மெஷின்ல ஓடுமா?"

அவனுடைய கேள்வியையே அவனிடம் கேட்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஒரு தரம் ஆட்டியிருந்தால் போதும், உலகத்தில் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கடைக்காரரும் வேறு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி நம்பி ஒப்படைத்த ரகசியம் தன்னிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியட்டுமே என்று ஒரு அற்ப ஆசை.

"இப்ப ஒன்னும் சொல்லக்கூடாதுக்கா. கம்பெனி தட போட்டிருக்கு," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

றம்ஸியாவின் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய நல்ல செய்தியை வாய்க்குள் பூட்டி வைத்திருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்பது அவனுக்கும் அந்த நிமிஷமே புரிந்தது. சும்மா இருந்துவிட்டான். அவள் நேரே வங்கிக்குப் போனாள்.

தடை முடிகிற மாலை, குறித்த நேரத்துக்கு ஒரு நொடி முந்தாமல் பிந்தாமல், ஜனுஷன் விமர்சனத்தைப் போட்டான். உள்ளதை உள்ளபடி கிழித்துத் தொங்கவிட்டிருந்தான். "ரெண்டு கிழமையா வெளையாடிப் பாத்துட்டுத்தான் சொல்றேன், இது நம்ம மெஷின்ல ஓடாது" என்று முடித்திருந்தான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். துணிச்சல்காரன், விலைபோகாதவன், நம்ம புள்ள என்று எழுதிக் குவித்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தவன் பாதியில் போனைக் கவிழ்த்து வைத்தான். நேரத்தோடு சொன்னால்தானே அது துணிச்சல். காசைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் கட்டாதே என்று சொல்வதற்கு என்ன பெயர்?

சனிக்கிழமை போட்டி. காசும் கட்டி ஊரெல்லாம் சொல்லியும் விட்டதால் றம்ஸியா அதை நிறுத்தவில்லை. அவன் போகவில்லை. கடையில் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாடி நிறையப் பிள்ளைகள் வந்ததும், ஆறு திரையிலும் மழை வந்த கையோடு ஆறும் நின்றுபோனதும், றம்ஸியாவின் மச்சான் படியில் நின்று எல்லாருக்கும் கேட்க ஏதோ சொன்னதும் பிறகு காதுக்கு வந்தன. ஞாயிறு முழுக்க லயத்தை விட்டு வெளியே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை கடைக்குப் போகுமுன் அந்த மாடியேறினான்.

றம்ஸியா மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவன் நின்றபடியே, கையெழுத்துப் போட்டதை, நிபந்தனையை, தேதியை எல்லாம் விளக்கினான். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தபோது நியாயமாகப்பட்டது. இங்கே சொல்லும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகாத பையன் சொல்கிற சாக்காகவே அவன் காதுக்குக் கேட்டது.

"சொல்ல ஏலாதுன்னா நான் ஒன்னும் நினைக்க மாட்டேன் தம்பி. வாக்குக் குடுத்தா காப்பாத்தத்தான் வேணும்," என்றாள் அவள். துணியை மடித்து வைத்தாள். "சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா சிரிச்சீங்களே."

எந்தத் தடையும், எந்தக் கம்பெனியும், எந்தக் கையெழுத்தும் அவனைச் சிரிக்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு முழுக்க முழுக்க அவனுடையது. மன்னிச்சுக்குங்கக்கா என்று வாய்க்குள்ளேயே சொன்னான். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

படியில் சத்தம் கேட்டது. மூன்று பிள்ளைகள் பழைய கேம் விளையாட வந்தார்கள். அதில் ஒருத்தன் ஜனுஷனைக் கண்டு வாயைப் பிளந்தான். அண்ணே, நீங்கதான் உண்மையச் சொன்னவர் என்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். போனை றம்ஸியாவிடம் நீட்டி ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னான்.

அவள் வாங்கினாள். இரண்டு பேரும் திரைக்குள் அடங்கப் பின்னால் நகர்ந்தாள். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"சிரிங்க தம்பி."

ஜனுஷன் முயன்று பார்த்தான். பையன் படத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனுடைய முகம் சரியில்லை, இன்னொன்று எடுங்கள் என்றான்.