அய்யலூர்ச் சந்தைவரை ஓடிய வியாழக்கிழமை

கிறிஸ்துமஸ் முடிந்த முதல் வியாழக்கிழமை, விடிவதற்கு வெகுநேரம் முன்பே திண்டுக்கல்லில் திருச்சி சாலையிலிருந்து நானும் பாத்திமாவும் கிளம்பினோம். போகவேண்டிய இடம் அய்யலூர். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர். போவது ஓட்டமாக, திரும்புவது பஸ்ஸில். இதுதான் திட்டம்.

திண்டுக்கல்லில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருடம் முழுவதும் வெயிலில் வேகும் ஊரில், மூச்சை இழுத்தால் மூக்கு நுனி சில்லிடும் இந்த மார்கழி, தை விட்டால் நீண்ட தூரம் ஓடுவதற்கு எங்களுக்கு வேறு காலம் கிடையாது. பிப்ரவரியில் ஒரு முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இருவருக்கும் அதுதான் முதல் முறை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. பெயர் ஜெசிந்தா, வயது நாற்பத்து மூன்று. பாத்திமா என்னைவிட இரண்டு வயது இளையவள். பேகம்பூர்ப் பக்கம் மசாலா அரைக்கும் மில் வைத்திருக்கிறாள். எவ்வளவு குளித்தாலும் அவள் மேல் மல்லித்தூள் வாசம் இருக்கும். நாலாவது கிலோமீட்டரில் வேர்க்கும்போது இன்னும் நன்றாகவே வரும். மற்ற நாட்களில் ஊருக்குள்ளேயே எட்டு, பத்து கிலோமீட்டர் ஓடுவோம். ஓடி முடித்து, குளித்து, சோறும் வெஞ்சனமும் செய்து டப்பாவில் அடைத்து, முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு படியேறி வகுப்புக்குப் போவது என் அன்றாடம். இப்போது அரையாண்டு விடுமுறை என்பதால் நீண்ட ஓட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றியிருந்தோம்.

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நடுவயதுப் பெண் ஓடினால் அதற்குக் காரணம் கேட்பார்கள். "சுகரா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப தைராய்டா?" நோயும் இல்லாமல், துரத்த ஆளும் இல்லாமல் ஒருத்தி ஓடுவதை அவர்களால் தாங்க முடிவதில்லை. பைக்கில் வரும் பையன்கள் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து செல்போனில் படம் எடுப்பார்கள். அதற்காகவே நாங்கள் இருட்டில் கிளம்புகிறோம். இருட்டில் கிளம்பினால், இருட்டில் ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்பார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் நான்குவழிச் சாலையின் கிழக்குப் பக்க சர்வீஸ் ரோட்டில் ஏறினோம். அது தெற்கே வரும் வண்டிகளுக்கான பாதை. நாங்கள் வடக்கே ஓடுகிறோம். எதிரே வரும் வண்டி கண்ணில் படும், ஒதுங்கிக்கொள்ளலாம் என்பதால் எப்போதும் அப்படித்தான். இருவருக்கும் ஒளிரும் மஞ்சள் மேலாடை. முதுகில் சிவப்பாக மினுக்கும் சின்ன விளக்கு. இதற்கு மேல் ஒரு மனுஷி தன்னைப் பிறர் கண்ணுக்குக் காட்டிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாமரைப்பாடி வரும்போது கிழக்கு சற்றே வெளுத்திருந்தது. சில வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வயல்களின் மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் படுத்திருந்தது. முருங்கைத் தோப்பு ஒன்றைக் கடந்தோம். பாத்திமா வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஏ ஜெசி, வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையாச்சே, அய்யலூர் போனதும் நான் ஒரு கிடாய வெல பேசப் போறேன். பஸ்ல ஏத்த விடுவாகளா?"

"மடியில வச்சுக்கிட்டா விடுவாக."

மணி ஆறு இருக்கும். எங்கள் நிழல் திடீரென்று எங்களுக்கு முன்னால் நீண்டது. பின்னாலிருந்து வெளிச்சம். அந்தப் பாதையில் பின்னாலிருந்து வெளிச்சம் வரவே கூடாது. நான் திரும்புவதற்குள் ஒரு சின்ன லோடு வண்டி, நாங்கள் 'குட்டி யானை' என்று சொல்வோமே, அது தவறான பக்கத்தில் வடக்கே பாய்ந்து வந்துவிட்டது. எதிரே வந்த பால் வண்டிக்கு வழிவிட எங்கள் ஓரத்துக்கு ஒடித்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாத்திமாவின் இடது தோளில் அடித்தது.

"ஜெசீ!" என்று கத்திக்கொண்டே அவள் மண்ணில் போய் விழுந்தாள்.

வண்டி ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். பின் விளக்கு சிவந்தது, அணைந்தது. பிறகு வேகமெடுத்தது. பின்னால் வலைக்குள் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு நின்றன. நம்பர் பலகையில் சேறு. பால் வண்டியும் நிற்கவில்லை.

பாத்திமாவின் தோள் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. உள்ளங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. முகம் வெளிறிவிட்டது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. அவள் கணவர் காதர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கிளம்புவதற்குள், இரவு ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு நூல் மில் வேன் திண்டுக்கல் பக்கமாக வந்தது. கையைக் காட்டியதும் நின்றது. தலையில் பஞ்சுத் தூசியோடு நான்கு பெண்கள் குதித்து இறங்கினார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவால் பாத்திமாவின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

வேன் டிரைவர் கேட்டார்: "நம்பர் பாத்தீகளா? நம்பர் இல்லாம ஒண்ணும் செய்ய ஏலாதுக்கா."

நான் வேனில் ஏறப்போனேன். பாத்திமா நல்ல கையால் என்னைத் தள்ளினாள்.

"நீ ஏறாத. அவன் ஆடு ஏத்திட்டுப் போறான். இன்னைக்கு வியாழக்கிழமை. எங்க போவான்? நீ போய்ப் பிடி."

"உன்ன விட்டுட்டா?"

"எனக்கு இம்புட்டுப் பேர் இருக்காக. போடீ!"

வேன் போய்விட்டது. கீழே, மண்ணில், கறுப்பு பிளாஸ்டிக் கூட்டோடு அந்தக் கண்ணாடி கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

பைபாஸில் அந்த நேரத்தில் பஸ் நிற்காது. நின்று காத்திருக்க என்னாலும் முடியவில்லை. ஓடினேன். நீண்ட ஓட்டத்தில் மூச்சை எண்ணு, தோளைத் தளர்த்து என்றெல்லாம் பயிற்சிப் பாடம் உண்டு. அன்று ஒன்றும் நினைவில் இல்லை. கோபம்தான் காலைத் தூக்கி வைத்தது. வேல்வார்கோட்டை வந்தது, போனது. மில் சுவர்கள், தென்னந்தோப்புகள், உரக்கடை விளம்பரங்கள், எதையும் நான் பார்க்கவில்லை. அந்தச் சிவந்த பின்விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்த நினைத்திருக்கிறான். நினைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

வடமதுரையில் தண்ணீருக்காக ஒரு டீக்கடையில் நின்றேன். ஒரு டீயும் குடித்தேன். பன்னிரண்டு ரூபாய். கையில் உடைந்த கண்ணாடி, முழங்கையில் பாத்திமாவின் ரத்தம் கொஞ்சம். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி ஆக்சிடென்டா?"

"நான் வண்டியில வரல. ஓடி வாரேன்."

"ஓடியா? எங்கயிருந்து?"

"திண்டுக்கல்லு."

"வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

பணத்தை வைத்துவிட்டு வெளியேறினேன். பதில் சொல்லியிருந்தால் அவர் கடைக் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்திருக்கும்.

வடமதுரைக்கு அப்புறம் வலது தொடை இறுகிவிட்டது. வெயிலும் ஏறிவிட்டது. மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. ஆடு ஏற்றிய வண்டிகள் வரிசையாக என்னைக் கடந்தன. ஒவ்வொன்றின் வலப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். எல்லாவற்றுக்கும் கண்ணாடி இருந்தது.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் அய்யலூர். சந்தையின் சத்தமும் வாடையும் ரோட்டுக்கே வந்து வரவேற்றன. ஆயிரக்கணக்கில் ஆடுகள், செம்மறிகள், கூடையில் சேவல்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வியாபாரிகள். நல்ல கிடா ஒன்று பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்று யாரோ யாரிடமோ சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் ஆடுகளுக்குள் போகவில்லை. வண்டிகள் நிற்கும் பக்கம் போனேன். வரிசை வரிசையாக நடந்தேன். புளியமரத்துக்குக் கீழே, மூன்றாவது வரிசையின் கடைசியில் அது நின்றது. டிரைவர் கதவில் ஒடிந்த கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே ஒரு பெண் ஏழெட்டு ஆடுகளின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"இது உங்க வண்டியா?"

"ஆமா. என்ன வேணும், கிடாவா, பெட்டையா?"

நான் கண்ணாடியை அந்தக் கம்பியில் பொருத்திக் காட்டினேன். பொருந்தியது. அவர் வாயில் இருந்த இட்லியை மெல்லுவதை நிறுத்தினார்.

"தாமரைப்பாடி தாண்டி, விடியுமுன்ன ஓடிக்கிட்டிருந்த ஒரு பொம்பளைய இடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கீக."

"நான் எங்க இடிச்சேன்? நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு. அதுல ஒடஞ்சது."

கயிற்றைப் பிடித்திருந்த பெண் நிமிர்ந்தார். அவர் மனைவி முருகாயி.

"நாய் ஜெசின்னு பேர் சொல்லிக் கத்துமாய்யா?" என்றார். "நிறுத்துய்யா, நிறுத்துய்யான்னு நான் கதவத் தட்டல? நீ பிரேக்க மிதிச்சுட்டுத் திரும்ப எடுத்த. சந்தை போயிரும்னு சொன்ன."

"ஏ, வாய மூடு."

"மூட மாட்டேன். அங்க இருந்து நெஞ்சு அடிச்சுக்கிட்டே வாரேன்."

கூட்டம் கூடிவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய தரகர் ஒருவர் நடுவே வந்தார். "உசுருக்கு ஒண்ணுமில்லைல்லம்மா? ஏதோ பாத்துப் பேசி முடிச்சுக்குவோம். ஆமா, பொம்பளைக அந்த இருட்டுல ரோட்டுல எதுக்கு ஓடணும்?"

இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடி வந்தது இந்தக் கேள்விக்காகத்தான் என்று அப்போது தோன்றியது. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் எனக்கு உண்டு. அதை எடுத்தேன்.

"அவரு ஏன் ராங் சைடுல வந்தாருன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீகளா? இடிச்சவரு உக்காந்து இட்லி திங்கிறாரு. அவர்கிட்ட ஒரு கேள்வி இல்ல. விழுந்தவ ஏன் அங்க இருந்தான்னு கேக்குறீக. ரோடு உங்க அப்பன் வீட்டுதா?"

தரகர் பின்வாங்கினார். முருகாயி வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை உருவி என்னிடம் நீட்டினார்.

"நீயே வச்சுக்கத்தா. இவன் எங்கயும் போக மாட்டான்."

சந்தைக்குப் பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். சாவியையும் கண்ணாடியையும் கொடுத்தேன். அவர் வண்டிக்காரரைத் தனியாக நிறுத்தி விசாரித்தார். முதலில் நாய் என்றவர், முருகாயி பக்கத்தில் வந்து நின்றதும் ஒத்துக்கொண்டார். புகார் எழுதிக் கொடுத்தேன்.

பதினொரு மணி பஸ்ஸில் முருகாயியும் என்னோடு ஏறினார். ஆடுகளைத் தெரிந்த ஒருவரிடம் விற்றுத்தரச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் மூன்று மணி நேரம் பிடித்த தூரத்தை பஸ் ஜன்னலில் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் சர்வீஸ் ரோட்டில் நடப்பவர்களைக் கவனித்தேன். மில்லுக்குப் போகும் பெண்கள். குடம் சுமந்த ஒருத்தி. ஒரு கைக்குழந்தைக்காரி. யாருக்கும் நடைபாதை இல்லை. வெள்ளைக் கோட்டுக்கும் முள்செடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அதிலும் எதிரும் புதிருமாகப் பைக்குகள்.

"எம்மக இந்த ரோட்டுலதான் மில்லுக்கு நடந்து போறா," என்றார் முருகாயி ஜன்னலைப் பார்த்தபடி. "காலையில அஞ்சு மணிக்கு."

நாங்கள் ஆசைப்பட்டு அந்த ரோட்டுக்குப் போகிறோம். வேண்டாம் என்றால் வீட்டில் இருந்துவிடலாம். இவர்களால் முடியுமா? என் கோபம் தணியும் என்று நினைத்துத்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். திண்டுக்கல் வரும்போது அது இரண்டு மடங்காகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பாத்திமா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காரை எலும்பு முறிவு. கையில் தூளி போலக் கட்டு. காதர் அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். முருகாயி யார் என்று சொன்னேன். பாத்திமா அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்தல?"

"நான் ஓட்டலயேத்தா," என்றார் முருகாயி. "எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்."

பாத்திமா கால்களை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டாள். முருகாயி ஓரமாக உட்கார்ந்தார்.

டாக்டர் வந்து எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். இரண்டு மாதத்துக்கு ஓட்டம் கூடாது என்றார். பிப்ரவரி போயிற்று. பாத்திமா தலையாட்டினாள்.

"அதுக்கப்புறமும் எதுக்கும்மா ரோட்டுக்குப் போய்க்கிட்டு? ஒரு டிரெட்மில் வாங்கி வீட்டுக்குள்ளயே பாதுகாப்பா ஓடுங்களேன்."

பாத்திமா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்னைய இடிச்ச ஆள்கிட்டயும் சொல்லிருங்க டாக்டர். வண்டிய வீட்டுக்குள்ளயே ஓட்டச் சொல்லி."

டாக்டர் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை.