பசையால் அடைத்த ஓட்டை

பழைய அலுமினியப் படகொன்றை வாங்கி, நெட்டுக்குப்பம் கரையில் இரண்டு மாதம் நானே பழுது பார்த்தேன். மோட்டாரும் ஓடியது. அடியிலிருந்த ஓட்டையை மட்டும், வெல்டிங்காரருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பசையால் அடைத்துப் பெயிண்ட் பூசிவிட்டேன். மனைவி மேரியிடம் வெல்டிங் என்றே சொன்னேன்.

முதல் நாள் அவளும் ஏறினாள். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. முகத்துவாரம் தாண்டியதும் அவள் காலடியில் தண்ணீர் ஏறியது.

"வெல்டிங் அடிக்கல மேரி. பொய் சொல்லிட்டேன்."

அவள் முந்தானையைக் கிழித்து ஓட்டையில் திணித்து, குதிகாலால் அழுத்திக்கொண்டாள்.

"போட்ட திருப்பு."

கரையில் இறங்கியதும் கேட்டாள். "மின்னாடியே சொல்லியிருந்தா ஒரு வாளியாவது எத்துகினு வந்திருப்பேன்ல?"

திட்டுவாளென்று பயந்து மறைத்தவன் நான். இருபது வருடம் கூடவே வாழ்ந்தும், அவளிடம் எதையும் சொல்லலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.