பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழனன்று, இயேசு ஆண்டவர் தம் சீடர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்கிற பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பதினோரு பேர் சட்டென்று கிடைத்துவிடுவார்கள். கடைசி நாற்காலிக்குத்தான் ஆள் சிக்காது. அது யூதாஸ் நாற்காலி, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவனுடையது. பங்குச் சாமியார் அப்படிச் சொல்வதில்லை, எந்தப் பூசைப் புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் சுத்துக்கேணிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். கடைசியாகக் கால் கழுவப்பட்டவனை அடுத்த வருஷம் வரைக்கும் டீக்கடையில், "இன்னாடா, இன்னிக்கு யாரைக் காட்டிக்குடுக்கப் போற?" என்று கேட்டே ஒருவழி ஆக்கிவிடுவார்கள். அதனால் சீட்டுக் குலுக்கித்தான் இடம் பிரிப்பது வழக்கம்.

அந்த வருஷம் நான் சீட்டுக் குலுக்கவில்லை. வழிபாட்டுக் குழுவில் பட்டியல் எழுதுகிறவன் நான்தான். பன்னிரண்டாவது இடத்தில் அவன் பெயரை நானே எழுதி, கோயில் கதவில் ஒட்டினேன்.

அவன் என் கூட்டாளி. திருவாண்டார்கோயில் பக்கம் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே பைக்கில் போனோம், வந்தோம். வாரத்தில் பாதி நாள் அவனுக்குச் சாப்பாடு என் வீட்டில்தான். மீன் குழம்பு வைத்தால் என் மனைவி அவனுக்கென்று தலைத்துண்டை எடுத்து வைப்பாள். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுக் குத்தகை நிலத்தில் நடவு நட்டதைச் சிரிப்போடு அவனிடம் சொன்னேன். அடுத்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எந்த வாய்க்கால் ஓரம், எத்தனை ஆள் வைத்து நட்டேன் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை அவனுக்குப் போனது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் நாசமாகப் போகவேண்டும் என்று நினைத்தேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. காலையில் கண் விழித்ததும் முதல் நினைப்பு அதுதான்.

அந்தத் தவக்காலத்தில் பைபிளின் நாற்பத்தொன்றாம் திருப்பாடல் என் கண்ணில் பட்டது. எபிரேய அரசன் ஒருவன் நோயில் கிடந்து பாடுகிற பாட்டு. இவன் எப்போது சாவான் என்று எதிரிகள் காத்திருக்கிறார்கள். அதைக்கூட அவன் தாங்கிக்கொள்கிறான். நம்பிய நண்பன், தன் சோற்றைத் தின்றவன், தனக்கு எதிராகவே குதிகாலைத் தூக்கிவிட்டான் என்கிற இடத்தில்தான் உடைந்துபோகிறான். அரசன் தன் காலத்துத் துரோகியை நினைத்துத்தான் அழுதிருப்பான். பல நூறு வருஷம் கழித்து, சீடர்களின் பாதம் கழுவிவிட்டு உட்கார்ந்த ஆண்டவர் அதே வரியைச் சொல்லி, அது தமக்கு நிறைவேறப்போகிறது என்றார். பழைய அழுகைக்குள் இறைவாக்கு இருந்தது என்பது எங்கள் நம்பிக்கை. முதலில் அரசனுக்கு நடந்தது, பிறகு ஆண்டவருக்கு, இப்போது எனக்கு என்று நான் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வரி இன்னும் பிடித்துப்போனது. என்னை எழுப்பிவிடும், அவர்களுக்கு நான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அரசன் கடவுளிடம் கேட்கிறான். அதை மனப்பாடம் செய்தேன். அவன் பைக் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் முணுமுணுத்தேன்.

பாடகர் குழுவிடம் சொல்லிவைத்தேன்: சாமியார் கடைசி நாற்காலிக்கு வந்ததும் இந்தத் திருப்பாடலை எடுக்கவேண்டும். பாதம் கழுவுவதற்கு முன் விளக்கவுரை வாசிப்பதும் என் வேலை. குதிகால் என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறமாதிரி எழுதினேன். ஊரே ஒருதரம் அவன் காலைத் திரும்பிப் பார்க்கவேண்டும், அது போதும்.

அன்று சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரே வரிசையில் பன்னிரண்டு நாற்காலி. அவன் வெள்ளை வேட்டியில் வந்து, கடைசி நாற்காலியில் ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்தான். நான் வாசித்தேன். குரல் கணீரென்று வந்தது. வாசித்து முடித்துப் பார்த்தால் முதல் நாற்காலி காலி. அங்கே உட்காரவேண்டியவன் அவனுடைய மச்சான். ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம், வரவில்லை.

"நீயே உக்காரேன்பா" என்றார் சாமியார். முதல் நாற்காலிதானே என்று போய் உட்கார்ந்தேன்.

சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனார். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். நான் விக்கித்துப்போய்ப் பாடகர்களைப் பார்த்தேன். அவர்கள் கடைசி நாற்காலி எது என்று எண்ணிக்கொண்டு பொறுப்பாகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு காலாகத் தண்ணீர் என்னை நோக்கி வந்தது. என் குதிகாலைச் சாமியார் கையில் ஏந்தியதும் ஆர்மோனியம் எழுந்தது. சோற்றைத் தின்றவன் எதிரே காலைத் தூக்கிய கதையை ஊர் கேட்கப் பாடினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

பூசை முடிந்து, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவன் எனக்காக நின்றிருந்தான்.

"லிஸ்ட்ட நாலு நாள் முன்னாடியே பார்த்தேன்டா. மச்சானை நான்தான் வராதன்னு சொன்னேன். ஆள் குறைஞ்சா பக்கத்துல நிக்கிற உன்னத்தான் சாமி உக்காரச் சொல்வார்னு தெரியும். 'உங்களுக்கு முட்டி வலிக்குதே சாமி, படி இல்லாத அந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க'ன்னு சொன்னதும் நான்தான்."

"நீ செஞ்சதுக்கு உனக்குத்தான்டா அந்தப் பாட்டு" என்றேன்.

"உன் வூட்டு சோத்த நான் தின்னேன், சரி. என் வூட்டு சோத்த நீ தின்னதில்ல?"

அதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தேன். கம்பெனி விவகாரத்துக்கு ஒரு வருஷம் முன்னால் அவன் தங்கைக்கு வரன் வந்தது. அவளுக்குச் சின்ன வயசில் வலிப்பு வந்ததை, அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவன் அம்மா என்னிடம் சொல்லி அழுதார்கள். வில்லியனூர் சந்தையில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது அதை நான் அவர்களிடம் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னோம் என்று அப்போது தோன்றியது. கல்யாணம் நின்றது. சொன்னது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவன் பைக்கில் போய்வந்தேன்.

"அந்தத் திருப்பாடலை நானும் அன்னிலேருந்து சொல்லிக்கினுதான்டா இருக்கேன்" என்றான். "உன் பேரப் போட்டு."

அவனை நான் மன்னிக்கவில்லை. அவனும் மன்னித்தமாதிரி தெரியவில்லை. டீக்கடையில் அந்த வருஷம் முழுக்க என்னைத்தான் கேட்டார்கள். சாமியாரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டியபோது அவர், "ஆண்டவர் குதிகால் வரியோட நிறுத்திக்கிட்டார்பா, அடுத்த வரிய அவர் எடுக்கல" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த அடுத்த வரிதான் வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் அவன் பைக் சத்தம் கேட்டால் அது வாய்க்கு வந்துவிடுகிறது. ஆனால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அந்தப் பக்கம் அவனும் அதே வரியைச் சொல்லிக்கொண்டு போகிறான், அதில் அவன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்பது எனக்குத்தான்.