ரேட்டம்மாவின் ஏழு கோடுகள்

ரேட்டம்மாவின் காதில் போன், கையில் பென்சில். கம்பிக் கடையில் மணி அடிக்க அடிக்க, தாளின் ஓரத்தில் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டு வருவார். ஒரே கோட்டில் கடைக்காரர் எடுத்துவிட்டால், "சரிதான், கடையில ஈ ஓட்டுறாங்க" என்று முணுமுணுப்பார். ஈ ஓட்டுகிறவர் நாளைக்கு விலையைக் குறைத்தாக வேண்டும் என்பது இவருடைய கணக்கு. பெரும்பாலும் தப்பாது.

விலை கேட்பார், வாங்க மாட்டார். பதினெட்டு வருடமாக இதே கதைதான். சின்னக் கட்டட நிறுவனம் ஒன்றில் எஸ்டிமேட் போடுவது வேலை. கம்பி, சிமெண்ட், செங்கல், மணல் என்று தினமும் காலையில் நாலு கடைக்குப் போன். கடைக்காரர்கள் வைத்த பெயர் ரேட்டம்மா. "ஒரு நாளாவது ஒரு கிலோ ஆணி வாங்குங்கம்மா, கண் குளிரப் பாத்துக்கிறோம்" என்று கம்பிக் கடைக்காரர் கெஞ்சினாராம். "ஆணி இப்ப என்ன விலை?" என்று இவர் கேட்டாராம்.

தொழில் படுத்து எட்டு மாதமாகிறது. கம்பி மலிவு, சிமெண்ட் மலிவு, ஆள் கூலி அதைவிட மலிவு. இதுதான் சமயம் என்று கையில் காசுள்ளவர்கள் கட்டடம் கட்டத் துடிக்கிறார்கள். ரேட்டம்மா மட்டும் அசைவதில்லை. "விலை கேட்டது இன்னைக்கு. மேல்தளம் போடப் போறது அடுத்த வருஷம். அதுவரைக்கும் கம்பி நமக்காகக் காத்துட்டு நிக்குமா?" என்பார். எஸ்டிமேட்டின் தலைப்பில் தொகையைவிடப் பெரிதாகத் தேதியை எழுதுவதும் அதனால்தான்.

பட்டுத் தெரிந்துகொண்டது அது. போன முறை சந்தை விழுந்தபோது, அடிமட்ட விலையை அப்படியே போட்டு ஒரு விடுதிக் கட்டடத்தைப் பிடித்துக் கொடுத்தார். தூண்கள் எழும்புகிற நேரம் பார்த்துச் சந்தை விழித்துக்கொண்டது. கம்பி ஒன்றரை மடங்கு ஏறியது, வேலை நின்றது, முப்பது பேரின் ஆறு வாரக் கூலி மண்ணாய்ப் போனது. அந்த முப்பதில் ஒருவர் இவருடைய கணவர், கம்பி கட்டும் மேஸ்திரி. அவர் கட்டிய கம்பிகள் இன்னும் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது ரேட்டம்மா அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகத்தான் உட்காருவார். பட்ட வெட்கம் மறந்துவிடக் கூடாதாம்.

இப்போது மேஸ்திரிக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. கை சும்மா இருக்குமா? துணி காயப்போடும் கொடி, நாற்காலிக் கால், வாளியின் பிடி என்று வீட்டில் ஆடுகிற எல்லாவற்றையும் கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கிவிட்டார். இனிக் கட்ட எதுவும் பாக்கி இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு டெண்டர் போட வேண்டியிருந்தது. கிடைத்தால் அடுத்த வாரமே மேஸ்திரிக்கு வேலை. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "இன்னைக்கு விலைக்கே போடுங்கம்மா. மத்தவங்க அதுக்கும் கீழ போறாங்க. நம்ம ஆளுங்க எத்தனை நாள் சும்மா உக்காந்திருப்பாங்க?" அதிலும் நியாயம் இருந்தது. ரேட்டம்மா காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் அந்த விலையையே போட்டு முடித்தார். எதிரே மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பழக்க தோஷத்தில் கம்பிக் கடைக்குப் போன் போட்டார். ஒரு கோடு. இரண்டு. மூன்று. ஏழாவது கோட்டில்தான் எடுத்தார்கள்.

"அம்மா, அப்புறம் பேசட்டுமா? லோடு ஏறிட்டிருக்கு. வாசல்ல லாரி வரிசையா நிக்குது."

"விலை?"

"இன்னைக்கு நேத்து விலைதான். நாளைக்கு என்னைக் கேக்காதீங்க."

ரேட்டம்மா போனை வைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்தே கோடுகளை எண்ணி முடித்திருந்தார் மேஸ்திரி.

"ஏறப் போகுதா?"

"ஏறத்தான் போகுதுங்க."

"அதுக்குத் தக்கபடி கூட்டிப் போட்டா, இது நமக்குக் கிடைக்காது. அப்படித்தானே?"

"அனேகமாக் கிடைக்காதுங்க."

மேஸ்திரி டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். மனைவியின் பென்சில் டப்பாவைத் திறந்து துழாவினார். அழிரப்பரை எடுத்து, தாளில் கறை படாதபடி சட்டை நுனியில் ஒரு தரம் துடைத்து, எஸ்டிமேட்டின் மேல் வைத்தார்.