மூன்றாவது கூறு

எங்கள் சித்தப்பா இரும்பு வாசற்கதவு செய்கிறவர். பட்டறையில் அவருக்கு 'மூணுகூறு' என்று பெயர். வைத்த புண்ணியவான் நான்தான். வருஷக்கணக்காக மனுஷனுக்கு ஒரே கிறுக்கு: கோடு போடாத அளவுகோல், ஒரு காம்பஸ், இவ்வளவுதான். இதை வைத்து எந்தக் கோணத்தையும் மூன்று சம கூறாகப் பிரிக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கு. 1837-இல் ஒரு பிரெஞ்சு வாலிபர், எல்லாக் கோணத்துக்கும் அப்படி ஒரு வழி கிடையவே கிடையாது என்று நிரூபித்துக் கடையைச் சாத்திவிட்டார்.

இதைச் சொன்னால் சித்தப்பா, "அவரு இரும்புல போட்டுப் பாத்தாரா?" என்பார்.

போன மாதம் ஒரு பெரிய வாசல் வேலை வந்தது. கதவுக்கு மேலே விசிறி மாதிரி வளைவு, அதில் மூன்று சம பாகம். முதலாளி வாங்கி வந்தது ஒரே ஒரு தடித்த தகடு. சித்தப்பா முட்டி போட்டு, தன் சொந்த முறையில் அதன்மேல் சாக்பீஸால் கோடு கிழித்து முடித்தார்.

"யோவ், பாகைமானி வச்சுப் பாத்தியா?"

"தேவையில்ல மொதலாளி."

"தப்பாச்சுன்னா தகட்டோட உன்னையும் வெளிய கடாசிருவேன், பாத்துக்க."

வெட்ட வேண்டியது சித்தி. பட்டறையில் கட்டிங் மெஷின் அவள் கையில்தான். கண்ணாடியை மாட்டினாள், சுவிட்சில் விரல் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"ஏங்க, முதல் கூறு அளவுக்குத் தகரத்துல ஒண்ணு வெட்டறேன். மூணுலயும் உக்காந்தா இரும்பை வெட்டறேன்."

"என் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு. மூணாவது கூறு மேலதான் இல்ல."

தகரத் துண்டு முதல் கூறில் உட்கார்ந்தது. இரண்டாவதிலும் உட்கார்ந்தது. சித்தப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூன்றாவதில் வைத்தாள். ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற சந்து.

எனக்கு நாலு நல்ல கேலி தோன்றியது. ஒன்றும் வாயை விட்டு வரவில்லை. முதலாளி வாயைத் திறக்கும் முன்பே சித்தப்பா சாக்குத் துணியை எடுத்துத் தன் கோடுகளைத் தானே துடைத்தார். மெல்லிய தகரப் பட்டை ஒன்றை வளைவோடு ஒட்டி வளைத்து, நிமிர்த்தி, டேப் பிடித்து மூன்றாகக் குறித்து, திரும்ப வளைத்து வைத்தார். காம்பஸ் விதிப்படி இது கள்ளாட்டம். இரும்புக்கு அதெல்லாம் தெரியாது.

"வெட்டு," என்றார். தீப்பொறி பறந்தது. மூன்று துண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தன. முதலாளி டீ குடிக்கப் போனார்.

சித்தப்பா அந்தத் தகரத் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்டுல காகிதத்துல போட்டப்ப சரியாத்தானே வந்துச்சு?"

"உங்க பென்சில் மொட்டை," என்றாள் சித்தி. " அந்தச் சந்து கோட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிச்சு."

"இனிமே வரையவே கூடாதுங்கறியா?"

சித்தி அவர் காதிலிருந்த பென்சிலை உருவி, கத்தியால் சீவ ஆரம்பித்தாள். "வரைங்க. தகடு பக்கம் மட்டும் வராதீங்க."