போகிறவர்களின் கடிதங்கள்

கிளைக் கந்தோர் லிகிதருக்கு, ஒருவர் வேலைக்கு வரும்போது ஒரு கடிதம்தான் டைப் அடிக்கக் கிடக்கும். அவர் போகும்போதுதான் ஏழெட்டு. எழுபதுகளின் கடைசியிலிருந்து, கல்முனையில் ஒரு பெரிய கொழும்புக் கம்பனியின் கிளையில் அந்தக் கடிதங்களை அடித்தவன் நான். உழவு இயந்திரமும் உதிரிப்பாகமும் விற்ற கம்பனி. நீங்களும் இப்படி ஒரு கந்தோரில் இருந்து எழும்பி வந்தவராக இருந்தால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இராது.

மூன்றில் எது?

ஸ்டோர் பொறுப்பாளர் இஸ்மாயில் காக்கா சம்மாந்துறைக்காரர். வயதில் மூத்தவரை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் காக்கா என்போம். கிளை திறந்த நாளிலிருந்து இருந்தவர். எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வார். அவர் ஓய்வு பெறும்போது கொழும்பிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஏற்கெனவே அச்சடித்த தாள். பெயருக்கு மட்டும் ஒரு புள்ளிக்கோடு விட்டிருந்தார்கள். பெயரை நான் அடித்தேன். முன்னால் கிடந்த மிஸ்டர், மிஸிஸ், மிஸ் மூன்றில் இரண்டை வெட்ட மறந்துபோனேன்.

அன்று அவர் பெருநாளுக்கு உடுக்கிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். இங்கிலீசு வாசிக்க மாட்டார் என்பதால் கடிதத்தை என்னிடமே நீட்டினார். வாசிக்கத் தொடங்கியபோதுதான் பிழையைக் கண்டேன். தாண்டிப் போயிருக்கலாம், நாக்குத் தடுமாறிவிட்டது. என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி சொன்னார்:

"நான் ஆம்பிளையா பொம்பிளையா எண்டு கொழும்புக்குத் தெரியாமப் போகட்டும் தம்பி. உங்களுக்குத் தெரியும்தானே."

பஸ்ஸில் ஒரு ட்ரைவர்

லொறி ஓட்டத்தைக் கம்பனி வெளியாளுக்குக் கொடுத்ததும், எங்கள் ட்ரைவர் கணபதிப்பிள்ளை அண்ணனுக்கு வேலை இல்லாமல் போனது. கடைசி நாள் லொறியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டார். காரைதீவில் வீட்டடி வரைக்கும் கடைசியாக ஒருதரம் ஓட்டிப் போகட்டுமா, ஆரையாவது கூட அனுப்பினால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று கேட்டார். மனேஜர் என்னைப் பார்த்தார். சட்டப்படி அவர் இப்போது நம்முடைய ஆள் இல்லை என்று சொன்னது நான்தான். அண்ணன் லொறித் திறப்பை என் மேசையில் வைத்தார்.

மனம் கேட்காமல் அவரோடு பஸ் ஏறினேன். ட்ரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தோம். சாய்ந்தமருது தாண்டும் வரைக்கும், பஸ் நிற்கிற இடமெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இந்த ரோட்டுக்கரையில என்ன இருக்கெண்டு நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

கலண்டர்

மெக்கானிக் ரபீக் சவூதிக்குப் போக வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டான். முன்னறிவித்தல் தராமல் விலகினவருக்கு அத்தாட்சி இல்லை என்று கொழும்பு எழுதியது. விசா வந்தால் ரெண்டு கிழமைக்குள் பிளேன் ஏற வேண்டும். இவன் எங்கே மாதக்கணக்கில் அறிவிக்கிறது? நான் மறுபடி எழுதிப் பார்த்தேன். இந்த முறை, அப்படி ஒருவருடைய பைலே தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

கந்தோர்ச் சுவரில் கம்பனியின் கலண்டர் தொங்கியது. அதில் புது உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், கையில் ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டு நின்றது ரபீக்தான். கொழும்பிலிருந்து வந்த படக்காரன் எடுத்தது. ரபீக் கலண்டரைக் கழற்றிச் சுருட்டினான். நான் தடுக்கவில்லை. வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்:

"கம்பனிக்கு என்னைத் தெரியாட்டிக் காரியமில்ல காக்கா. அரபிக்குப் படம் பாக்கத் தெரியும்."

வந்த காரணம்

எண்பதுகளின் நடுவில் நாட்டு நிலைமை கெட்டது. கிளையை மூடுவதாகக் கடிதம் வந்தது. ஸ்டோரைக் காக்கக் காவலாளி அலியாரை மட்டும் வைத்துக்கொண்டு, என்னையும் சேர்த்து மற்ற எல்லாரையும் நிறுத்தினார்கள். ஒரு கிழமை கழித்து, மத்தியானம் ளுஹர் தொழுகைக்கு நான் விரிக்கிற முசல்லா மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கிறது என்று நினைவு வந்து கந்தோருக்குப் போனேன்.

அலியார் கேற்றை முழுதாகத் திறக்கவில்லை. வெளியாட்களை விடக்கூடாதென்று கட்டளை. அந்தக் கட்டளையை அடித்ததும் நான்தான். அடிக்கும்போது வெளியாள் யார் என்று யோசிக்கவில்லை. அவன் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு வருகைப் புத்தகத்தை எடுத்தான். ஆறேழு வருசம் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவன். என் பெயரையும் ஊரையும் கேட்காமலே எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனை நின்றது. மெல்லக் கேட்டான்:

"வந்த காரணம் எண்டு என்ன எழுதட்டும் காக்கா?"

ஆளை வேலைக்கு எடுக்க மூன்று தரம் நேர்முகப் பரீட்சை வைத்த அந்தக் கம்பனி, ஆளை அனுப்பும்போது ஒருவருடைய முகத்தையும் நேரில் பார்த்ததில்லை.