கணக்கில் வராத ‘அவர்’

ஆபீஸில் அவளை ‘மாடல் அக்கா’ என்பார்கள். துணிக்கடை விளம்பரத்தில் நிற்கிற மாடல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அக்காவின் மாடல் முழுக்க முழுக்கக் கணக்கு. அரிசிமணியைவிடச் சின்னதாக ஒரு குறைக்கடத்திச் சில்லு, அதாவது செமிகண்டக்டர் சிப். மின்சாரம் கொடுத்து, ஒரு முனையில் சோர்ந்துபோன ஒளியை விட்டால், மறுமுனையில் தெம்பாக வெளியே வரும். ஒளியை வைத்தே கணக்குப் போடும் கருவிகளுக்கு அது வேண்டும். சில்லைச் செய்வதற்கு முன்பே அது எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கண்டு சொல்வது அவள் வேலை. கண்ணை மூடினால் போதும், உள்ளே போய்விடுவாள். மேலே எலெக்ட்ரான்கள் காத்திருக்கும். ஒளி கடக்கும்போது ஒவ்வொன்றாய் இறங்கி, தன் பங்குக்கு ஒளியைக் கொடுக்கும். அங்கே நேரம் போவதே தெரியாது.

அந்த மாடலில் ஒரு ஓட்டை இருந்தது. கணக்கில் வரும் வெளிச்சம் எப்போதும் அளந்து பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். காரணம் பிடிபடாமல், விடையை ஒரு எண்ணால் பெருக்கிக் குறைத்து ஒப்பேற்றி வந்தாள். அந்த எண்ணுக்கு அவள் வைத்த பெயர் ‘அவர்’. ஏன் இருக்கிறார் என்று தெரியாது, இல்லாமலும் ஓடாது.

புதிய சில்லு இரண்டு மடங்கு நீளம். அதற்குப் பழைய எண் பொருந்தாமல் ‘அவர்’ காலை வாரிவிட்டார். கூட்டத்தில் மேலாளர் அவள் நிரலில் ‘அவர்’ என்றிருந்த வரியைத் திரையில் காட்டி, இந்த ‘அவர்’ யார் என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வெளியிலிருந்து மென்பொருள் வாங்கிவிடுவது என்று முடிவானது. ஆறு வருஷ உழைப்பு மூலைக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. அடுத்த அறையில் கணவரின் தையல் மெஷின். தைக்கும்போது தன்னையறியாமல் முனகுவது அந்த மனிதரின் பழக்கம். ராகமும் இல்லை, தாளமும் இல்லை. காலையிலேயே அக்கா எரிந்து விழுந்தாள்.

“கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?”

அவர் வாயை மூடிக்கொண்டார். பாவம், மத்தியானம் வரை மூச்சுக் காட்டவில்லை.

சாப்பிட்ட மயக்கத்தில் அவளுக்குக் கண் சொருகியது. மெஷின் ஓட்டம் எங்கோ தொலைவில் கேட்டது. சில்லுக்குள் நின்றிருந்தாள். யாரும் ஒளி அனுப்பவில்லை, எல்லாம் இருட்டு. அப்போது மெல்ல ஒரு முனகல். அடுத்த அறையில் திரைச்சீலையின் நீண்ட ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார் அவர். காலர், பட்டன் துளை என்றால் முனகலே எழாது. தையல் நீள நீள அது வளரும். இருட்டில் ஒரு எலெக்ட்ரான் யாரும் கேட்காமலே இறங்கி மினுங்கியது. அந்த மினுக்கம் ஓடி, வழியில் இருந்தவற்றையெல்லாம் இறக்கிக்கொண்டு பெருகியது. முனை வருவதற்குள் சில்லின் தெம்பில் பாதி காலி; வெளியிலிருந்து வரும் ஒளிக்கு மீதிதான்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சில்லு தானாக விடும் வெளிச்சம் அவளுக்குப் புதிதல்ல, பாடத்திலேயே படித்ததுதான். வெறும் இரைச்சல் என்று ஆறு வருஷம் முன்பு ஒதுக்கியிருந்தாள். இப்போது ‘அவர்’ என்ற வரியை அழித்துவிட்டு, அந்த வெளிச்சத்தைச் சில்லின் நீளம் நெடுக இம்மி இம்மியாகக் கணக்கிட்டாள். திரையில் கணக்கின் கோடு, அளந்த புள்ளிகள்மேல் பூப்போல உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

நேராக அடுத்த அறைக்குப் போய், “நீங்க பாட்டுக்குப் பாடுங்க” என்றாள்.

“நானா? நான் எங்கே பாடினேன்?” என்றார் அவர், நூலைக் கடித்தபடி.

மறுநாள் கூட்டத்தில் அக்கா காரணத்தைச் சொல்லி, கோடு புள்ளிகளோடு ஒட்டி நிற்பதை மேலாளருக்குக் காட்டினாள். வெளியிலிருந்து வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது. பிறகு மேலாளர், ‘அவர்’ எங்கே போனார் என்று கேட்டுச் சிரித்தார்.

“எங்கயும் போகல சார்,” என்றாள் அக்கா. “இப்பதான் அவரைக் கணக்குல எடுத்திருக்கேன்.”